தாத்தா ஏலத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. எம்20 எந்தப் படையில் ஓடியது?

எஞ்சின் நம்பரைக் கொடுத்து, "இது எந்த ரெஜிமென்ட் வண்டி என்று கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருப்பதைப் படித்தால், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது அது மட்டும் இல்லை என்று படுகிறது. உங்கள் தாத்தா 1948-ல் சென்னையில் டிஸ்போசல் ஏலத்தில், அதாவது ராணுவம் வேண்டாம் என்று கழித்ததை விற்ற ஏலத்தில், எடுத்த பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள். இது 1944-ல் மணிப்பூரில் ஜப்பானியரோடு நடந்த இம்பால் சண்டையில் ஓடிய வண்டி என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டேங்கில் பச்சை உரிந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிகிறது. அடுத்த வாரம் பெயின்டர் வந்து மொத்தத்தையும் சேண்ட் பிளாஸ்டிங்குக்கு (மணலை வேகமாக அடித்துப் பழைய பெயின்டை உரிப்பது) எடுத்துப் போகப் போகிறார். ஆக, தாத்தா சொன்னது உண்மையா, அதைக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. சோதித்துப் பார்க்க முடியும். உண்மை என்று நிரூபிப்பது பெரும்பாலும் முடியாது. ஏன் என்று விளக்குகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: பெயின்டருக்கு இன்றைக்கே போன் போட்டு நிறுத்திவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். ராணுவ வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தால் அதன் சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி நீங்கள் கேட்டதாகத்தான் இருக்கும். அப்படித்தான் ஏடு, எண், பெயின்ட் என்று தேடும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எம்20 பற்றி இரண்டு வரி. பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் செய்த 496 சிசி சைடு வால்வ் வண்டி. முன்னால் கிர்டர் ஃபோர்க், பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. 13 குதிரைத் திறன்தான். கனம், வேகமும் குறைவு, ஆனால் எந்தச் சாலையோர மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமார் 1,26,000 வண்டிகள் செய்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இதுவும் போனது. போர் முடிந்ததும் அந்தந்த ஊரிலேயே விற்றுத் தள்ளிவிட்டார்கள். கோயம்புத்தூர், திருச்சிப் பக்கப் பழைய வீடுகளில் இன்றும் இவை கிடைப்பது அதனால்தான். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் செய்த ஒரு பொருளில், ஒரே ஒரு வண்டியின் கதையைத் தேடுகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் வண்டிக்கு ராணுவத்தில் இருந்தபோது மூன்று எண்கள் இருந்தன. முதலாவது எஞ்சின் எண்: இடப்பக்கக் கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே பஞ்ச் அடித்திருப்பார்கள். இரண்டாவது ஃப்ரேம் எண்: ஃபோர்க் திரும்பும் கழுத்துப் பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கம். அழுக்கும் பெயின்டும் மூடியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட் போட்டுத் தேய்த்தால் தெரியவரும். இரண்டிலும் 'டபிள்யூ.எம்.20' என்று தொடங்கினால் போர்க்கால ராணுவத் தயாரிப்பு. 'கே.எம்.20' என்றால் 1939 மாடல். 'எக்ஸ்.எம்.', 'இசட்.எம்.' என்றால் போருக்குப் பிந்தியது. அப்படி இருந்தால் இந்தக் கதையே வேண்டாம். நீங்கள் அனுப்பியது எஞ்சின் எண் மட்டும். எனக்கு முக்கியமாக வேண்டியது ஃப்ரேம் எண்.

மூன்றாவதுதான் நாம் தேடுவது. அதைச் சென்சஸ் எண் என்பார்கள். பிரிட்டிஷ் ராணுவம் தன் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓர் எழுத்தும் அதன்பின் ஒரு வரிசை எண்ணும் கொடுத்தது. காருக்கு 'எம்', லாரிக்கு 'எல்', டாங்கிக்கு 'டி', ஆம்புலன்ஸுக்கு 'ஏ', மோட்டார் சைக்கிளுக்கு 'சி'. அந்த எண் பெட்ரோல் டேங்கின் இரு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ராணுவத்துக்குள் வண்டியின் அடையாளம் அதுதான். எந்தப் பிரிவுக்குக் கொடுத்தார்கள், எந்தப் பட்டறைக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது என்று எழுதியபோதெல்லாம் இந்தச் 'சி' எண்ணைத்தான் எழுதினார்கள். ஃப்ரேம் எண் தொழிற்சாலையின் மொழி, 'சி' எண் ராணுவத்தின் மொழி. இரண்டையும் இணைப்பது டேங்கில் இருந்த சில அங்குலப் பெயின்ட் மட்டும். இரும்பில் எங்கும் அதைப் பஞ்ச் அடிக்கவில்லை. சேண்ட் பிளாஸ்டிங் அடித்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். அதன்பின் எந்தக் காசு கொடுத்தாலும் திரும்பி வராது. பெயின்டரை நிறுத்தச் சொன்னது இதற்காக.

இப்போது உறுதியாகக் கிடைக்கக்கூடியதிலிருந்து தொடங்குவோம். பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் அனுப்புகை ஏடுகள் இன்னும் இருக்கின்றன. பிரிட்டனில் உள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகம் அவற்றைப் பாதுகாக்கிறது. ஃப்ரேம் எண், எஞ்சின் எண், வண்டியின் படங்கள், ஒரு கட்டணம் கொடுத்து எழுதினால் ஏட்டில் உள்ளதைப் பார்த்துச் சொல்வார்கள். அதில் பொதுவாகக் கிடைப்பது: வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய தேதி, எந்தப் போர்த்துறை ஒப்பந்தத்தின் கீழ் செய்தது, அந்த ஃப்ரேமில் முதலில் பூட்டிய எஞ்சின் எது, யாருக்கு அனுப்பினார்கள் என்பவை. 'யாருக்கு' என்ற இடத்தில் ரெஜிமென்ட் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வண்டிகள் மொத்தமாக ஓர் ஆர்டினன்ஸ் டெப்போவுக்கு, அதாவது ராணுவத் தளவாடக் கிடங்குக்கு, போகும். நாட்டிங்ஹாம் அருகே சில்வெல்லில் இருந்த டெப்போதான் ராணுவ வாகனங்களுக்கு மையம். தொழிற்சாலையின் பார்வையில் கதை அங்கேயே முடிந்துவிட்டது. பணம் வந்துவிட்டது, ஏட்டை மூடிவிட்டார்கள். அந்த டெப்போவுக்குப் பிறகு வண்டி எங்கே போனது என்பது தொழிற்சாலை ஏட்டில் இருக்காது.

ஆனால் ஒப்பந்த எண் கையில் கிடைத்தால் ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எந்த ஃப்ரேம் எண்ணிலிருந்து எதுவரை, எந்தச் 'சி' எண்ணிலிருந்து எதுவரை என்று பட்டியல்கள் உண்டு. ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக அவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கற்பனையாக ஓர் எண் வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் முதல் ஃப்ரேம் 50001, முதல் சென்சஸ் எண் சி 4600001. உங்கள் ஃப்ரேம் 52340 என்றால் உங்கள் சென்சஸ் எண் சி 4602340-க்கு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கம் என்றுதான் சொல்கிறேன். ஃப்ரேம்கள் பஞ்ச் அடித்த வரிசையிலேயே பூட்டி முடிந்து வெளியே வந்தன என்று சொல்ல முடியாது. ஒன்று பெயின்ட் கடையில் தங்கியிருக்கும், ஒன்றுக்கு விளக்கு வந்திருக்காது. அதனால் கணக்கில் வரும் எண்ணை அப்படியே டேங்கில் எழுதிவிட்டு 'ஒரிஜினல் எண்' என்று சொல்வது சரியல்ல. ஆனால் ஒரு சோதனைக்கு அது அருமையான கருவி. டேங்கில் பெயின்டுக்கு அடியில் நிஜமாகவே ஒரு 'சி' எண் கிடைத்து, அது கணக்கில் வந்த எண்ணுக்குச் சில நூறுக்குள் இருந்தால், அந்த டேங்கும் அந்த ஃப்ரேமும் ஒன்றாகப் பிறந்தவை என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். பல்லாயிரம் தள்ளி இருந்தால், டேங்க் வேறு வண்டியிலிருந்து வந்தது. ராணுவப் பட்டறையில் டேங்க் என்பது ஓர் உதிரிப் பாகம். ஓட்டை விழுந்தால் அடுத்த வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருப்பார்கள்.

டேங்கைப் படிப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்களே வீட்டில் செய்யலாம். முதலில் தேய்க்கவே வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை டேங்கின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒட்டினாற்போலப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். அந்த எண்களைப் பிரஷ்ஷால் கையில் எழுதினார்கள். பிரஷ் விட்ட ஓரம் மேடாக நிற்கும். அதன்மேல் இரண்டு மூன்று பூச்சு அடித்திருந்தாலும் சாய்வெளிச்சத்தில் அந்த மேட்டின் நிழல் விழும். ஒரு 'சி'-யின் வளைவோ 4-ன் குறுக்குக் கோடோ தெரிந்தால் அதுவே போதும், எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தேய்த்து, அடிக்கடி துடைத்துப் பாருங்கள். மேல் பூச்சு, அதற்கடியில் உள்ளது, அதற்கும் அடியில் உள்ளது என்று வளையம் வளையமாக நிறங்கள் வெளிவரும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றி பிரைமர், அதைச் சுற்றித் தொழிற்சாலைப் பூச்சு. இந்த வரிசைதான் உங்கள் வண்டியின் சுயசரிதை. எண் இருக்கும் இடத்துக்கு வரும்போது 1200-க்கு மாறுங்கள். வெள்ளை எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். தின்னர் எல்லாப் பூச்சையும் கலந்து குழப்பிவிடும். நம் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு: டிங்கரிங் செய்தவர் பள்ளத்தில் பட்டி வைத்து அடைத்திருப்பார். சாம்பல் நிறத்தில் கெட்டியாக வந்தால் அது பட்டி, அந்த இடத்தில் பழைய பெயின்ட் போயே போய்விட்டது. வேறு இடம் பாருங்கள்.

தொழிற்சாலை நிறம் என்ன என்று மட்டும் தெரிய வேண்டுமானால் டேங்கின் வெளிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். டேங்கைக் கழற்றி அதன் அடிப்பக்கக் குழிவைப் பாருங்கள். டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம், மட்கார்டின் உள்பக்கம், ஃப்ரேமில் டூல் பாக்ஸ் பொருந்தும் இடம் ஆகியவற்றில் சோம்பேறிப் பெயின்டர் பிரஷ் போயிருக்காது. எல்லா ராணுவத்திலும் சோம்பேறிப் பெயின்டர்கள் இருந்ததால்தான் இன்றைக்கு நமக்குச் சாட்சி கிடைக்கிறது.

பிரிட்டனில் போரின் தொடக்கத்தில் அடித்தது ஒருவகைக் காக்கிப் பச்சை. 1942 வாக்கில் பிரவுன் நிறத்துக்கு மாறினார்கள். 1944-ல் அமெரிக்க வண்டிகளோடு ஒத்துப்போக ஆலிவ் நிறம் வந்தது. ஆகவே அடிப்பூச்சின் நிறமும் ஏட்டில் உள்ள தேதியும் ஒத்துப்போக வேண்டும். 1942 கடைசியில் கிளம்பிய வண்டியில் அடிப்பூச்சு பிரவுனாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. மத்தியக் கிழக்குக்குப் போனவற்றில் வெளிர் மணல் நிறம் இருக்கும். உங்கள் டேங்கில் தெரியும் மஞ்சள் இதுவாக இருக்கலாம். ஆனால் மஞ்சள் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் விஷயம். இரும்பையொட்டிப் பிரைமருக்கு மேலே முதல் பூச்சாக இருந்தால், அல்லது ராணுவப் பச்சைக்கும் பிரவுனுக்கும் நடுவில் இருந்தால், பாலைவன வாய்ப்பு உண்டு. ஆலிவுக்கு மேலே, தாத்தா அடித்த பூச்சுக்குக் கீழே இருந்தால், அது 1948-க்குப் பிறகு யாரோ அடித்த சாதாரண மஞ்சள் பிரைமராகவும் இருக்கலாம். நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலைவன நிறம் என்றால் தாத்தா கதை பொய் என்று ஆகிவிடாது. இந்தியப் படைகள் வட ஆப்பிரிக்காவிலும் இராக்கிலும் இருந்தன. 5-வது இந்திய டிவிஷன் அங்கே சண்டையிட்டுவிட்டு 1943-ல் இந்தியா திரும்பியது. 1944 தொடக்கத்தில் பர்மாவின் அரக்கானிலும், மார்ச்சில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் இம்பாலிலும் இறக்கப்பட்டது. கறுப்பில் சிவப்பு வட்டம் அதன் சின்னம். மணல் நிறத்துக்கு மேலே கரும்பச்சை, அதில் எங்காவது சிவப்பு வட்டத்தின் மிச்சம் என்று கிடைத்தால் நான் உங்கள் ஊருக்கே கிளம்பி வந்துவிடுவேன். ஆனால் படைகள் ஒரு போர்முனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வாகனங்களைப் பெரும்பாலும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு, போன இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்வார்கள். எனவே டிவிஷன் போன பாதையும் வண்டி போன பாதையும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சின்னங்கள் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'சி' எண் தவிர, டிவிஷன் சின்னம் ஒன்றும், பிரிவைக் குறிக்கும் நிறச் சதுரமும் அதில் ஓர் எண்ணும் இருக்கும். சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) என்றால் மேலே வெள்ளை, கீழே நீலம். பீரங்கிப் படை என்றால் மேலே சிவப்பு, கீழே நீலம். ரெஜிமென்ட் வரைக்கும் கொண்டுபோகக்கூடிய ஒரே தடயம் இந்தச் சதுரமும் எண்ணும்தான். ஆனால் வண்டி கைமாறும்போது முதலில் அழிப்பதும் இவற்றைத்தான். தபால் ரைடர் வண்டி என்றால் சிக்னல்ஸ் தான் என்று நினைக்காதீர்கள். காலாட்படை பட்டாலியனிலும், சப்ளை கம்பெனியிலும், பீரங்கிப் படையிலும் எம்20 இருந்தது. கான்வாயை வழிநடத்துவதும் அதன் வேலைதான்.

பாகங்களும் சாட்சி சொல்லும், ஆனால் பலவீனமான சாட்சி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயா முழுதும் ஜப்பான் கைக்குப் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் வரத்து படுத்துவிட்டது. அதன்பின் வந்த எம்20-களில் ஹேண்டில்பார் பிடிக்கு ரப்பருக்குப் பதில் கேன்வாஸ் சுற்றினார்கள்; ஃபுட்ரெஸ்ட் வெறும் இரும்பு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் கூலிகள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், பர்மிங்காம் வண்டியின் கேன்வாஸ் பிடியை நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. டேங்கின் மேல் பெரிய பெட்டி மாதிரி வோக்ஸ் ஏர் ஃபில்டரும், அதன் குழாய் இறங்க டேங்கில் ஒரு பள்ளமும் இருந்தால் தூசு நிறைந்த நாடுகளுக்கான அமைப்பு. உங்கள் படத்தில் டேங்கின் வலப்பக்கம் வெட்டுப்பட்டது போலத் தெரிகிறது, ஃபில்டர் இல்லை. இந்தியாவில் அதைக் கழற்றி எறிந்துவிட்டவர்கள் அநேகம். இவையெல்லாம் டேங்கோடு, பிடியோடு சேர்ந்து மாறக்கூடியவை என்பதால், ஏட்டில் உள்ள தேதியோடு பொருந்தினால் மகிழ்ச்சி, பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம்.

இனி இம்பால். ஏட்டின் தேதி இங்கேதான் உண்மையில் உதவும். ஜப்பானியர் இம்பாலை நோக்கி வந்தது 1944 மார்ச்சில். மார்ச் கடைசியில் திமாப்பூர்–கொஹிமா–இம்பால் சாலை துண்டிக்கப்பட்டது. மீண்டும் திறந்தது ஜூன் 22. இடையில் இம்பாலுக்குப் போனதெல்லாம் விமானத்தில்தான். அரிசியும் குண்டும் ஏற்றவே விமானம் போதாத நேரத்தில், ஏறக்குறைய 170 கிலோ எடையுள்ள எம்20-யை ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்க முடியவில்லை. எனவே முற்றுகையின்போது அங்கே ஓடிய வண்டி, பெரும்பாலும் சாலை துண்டிக்கப்படும் முன்பே சாலை வழியாகப் போயிருக்க வேண்டும். பர்மிங்காமிலிருந்து டெப்போ, துறைமுகம், கப்பல், இந்தியத் துறைமுகம், ரயில், அசாம் என்று பல மாதங்கள் ஆகும். உங்கள் வண்டி தொழிற்சாலையை விட்ட தேதி 1944 ஜனவரி அல்லது அதற்குப் பிறகு என்று வந்தால், இம்பால் முற்றுகைக் கதையை மரியாதையோடு ஓரமாக வைத்துவிடலாம். 1942 அல்லது 1943 நடுப்பகுதி என்று வந்தால் கதை சாத்தியம். சாத்தியம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட முடியாது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பர்மா முனையின் மழைச் சேற்றில் மோட்டார் சைக்கிள் அவ்வளவாகப் பயன்படவில்லை. அங்கே ராஜா ஜீப்தான். இந்தியாவுக்கு வந்த வண்டிகளில் பெரும்பகுதி பயிற்சி முகாம்களிலும், டெப்போக்களிலும், பின்னணிச் சாலைகளிலும் ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு. சென்னையில் ஏலம் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆவடியில் போர்க்காலத்தில் பெரிய ராணுவக் கிடங்கு இருந்தது. 1945-ல் மலாயாவை மீட்கத் திட்டமிட்டபோது படைகளும் வாகனங்களும் சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி என்று தென்னிந்தியத் துறைமுகங்களில் குவிந்தன. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது, செப்டம்பர் 9-ல் மொரிப் கடற்கரையில் சண்டையில்லாமல் இறங்கினார்கள். அதற்காகச் சேர்த்த வாகனங்களில் மிஞ்சியவை இங்கேயே விற்பனைக்கு வந்திருப்பது இயல்பு. மணிப்பூரிலிருந்து ஒரு பழைய எம்20-யைச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்பதைவிட இது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் இது ஊகம். ஊகம் என்றே எழுதி வையுங்கள். ஏலத்தில் விற்ற ஆள் "இம்பால்ல ஓடின வண்டி சார்" என்று சொல்லி, தாத்தா அதை நம்பியிருக்கவும் கூடும். வண்டி விற்பவர்கள் அன்றும் இன்றும் ஒரே ஜாதிதான்.

போர் நாட்குறிப்புகளைப் பார்த்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பிரிவும் போர்க்காலத்தில் நாள்வாரியாக ஒரு குறிப்பு எழுதியது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தென்கிழக்கு ஆசியப் படைகளுக்கு 'டபிள்யூ.ஓ. 172' என்றும், மத்தியக் கிழக்குக்கு 'டபிள்யூ.ஓ. 169' என்றும் வரிசைகள் உண்டு. இந்தியப் பிரிவுகளும் அவற்றில் வரும். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவும் இந்தியப் பிரிவுகளின் குறிப்புகளைப் பராமரிக்கிறது. ஆனால் அவற்றில் வண்டிகளின் 'சி' எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை மோட்டார் சைக்கிள் வந்தது, எத்தனை பழுது என்று இருந்தாலே பெரிய விஷயம். எந்தப் பிரிவு என்று முதலில் தெரிந்தால், அந்தப் பிரிவு எங்கெங்கே போனது என்று அறிய நாட்குறிப்பு உதவும். தலைகீழாக, நாட்குறிப்பிலிருந்து வண்டியைத் தேடிப் போக முடியாது. இதற்காக ஆள் வைத்துத் தேடச் சொல்லிப் பணம் செலவழிக்காதீர்கள். அதைவிட, 'சி' எண் கிடைத்தால் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் புகைப்படத் தொகுப்பை இணையத்தில் புரட்டுங்கள். இந்திய ராணுவப் படங்களுக்கு 'ஐ.என்.டி.' என்று தனி வரிசையே இருக்கிறது. டேங்கில் எண் தெளிவாகத் தெரியும் படங்கள் அங்கே உண்டு. உங்கள் வண்டியே கிடைப்பது லாட்டரி. ஆனால் உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண் வண்டி எந்த நாட்டில் நிற்கிறது என்று தெரிந்தாலும் அது ஒரு குறிப்பு.

எஞ்சின் எண்ணும் ஏட்டில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் மனம் உடையாதீர்கள். ராணுவப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்து உட்கார்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். பழுதானதை இறக்கிவிட்டு, தயாராக இருக்கும் வேறொன்றை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மாறிய எஞ்சின் என்பது வண்டி நிஜமாகவே உழைத்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். 'நம்பர் மேட்சிங்' (எஞ்சின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் ஏட்டில் உள்ளபடி இருப்பது) என்று விலையை ஏற்றி இறக்கும் வியாபாரிகள் பேச்சைக் கேட்டு எண்ணை இழைத்துவிட்டுப் புதிதாகப் பஞ்ச் அடிக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம், ஆர்.சி. புக்கில் இருக்கும் எண்ணும் போய், வரலாறும் போய்விடும். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜாகப் பதிவு செய்யலாம்; புதுப் பதிவுக்கு 'வி.ஏ.' வரிசை எண். அந்த விதிகளில் புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிறகு செய்யும் மறுபதிவுக்கு 5,000 என்று வைத்தார்கள். ஃப்ரேமிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தாத்தாவின் பழைய ஆர்.சி. புக் கிழிந்த நிலையில் இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். 1948-ல் முதல் பதிவு என்று அதில் இருந்தால், ராணுவத்திலிருந்து வெளியே வந்த தேதிக்கு அதுதான் உங்களிடம் உள்ள ஒரே அரசு ஆவணம்.

உங்கள் நண்பர் ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. என்ற அமெரிக்க ராணுவ மோட்டார் சைக்கிள் பற்றிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் நிலைமை இன்னும் கஷ்டம். அந்தக் கால ஹார்லி ஃப்ரேமில் எண்ணே கிடையாது, எஞ்சினில் மட்டும்தான். 1942-லிருந்து போர் முடியும்வரை செய்த எல்லாவற்றிலும் '42 டபிள்யூ.எல்.ஏ.' என்றே அடித்தார்கள். ஆகவே 42 என்பதை வைத்து வருடம் சொல்ல முடியாது. கிராங்க்கேஸின் அடிவயிற்றில், இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி இன்னோர் எண் இருக்கும். அது வருடத்தோடு தொடங்கும். இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். யாராவது ராயல் என்ஃபீல்டின் 125 சிசி 'ஃப்ளையிங் ஃப்ளீ'யைக் காட்டி, நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் சண்டையில் பாராசூட்டில் இறங்கியது என்று விலை சொன்னால், எந்த ஆவணம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டிக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃப்ரேம் எண்ணைச் சுத்தம் செய்து, அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு படி எடுங்கள்; எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. டேங்கின் இரு பக்கமும் சாய்வெளிச்சத்தில் படம், அடிப்பக்கம், டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் படம். இவற்றோடு கிளப் நூலகத்துக்கு எழுதுங்கள். டேங்கில் வாட்டர் பேப்பர் போட்ட பிறகு வளையங்கள் தெரியும் படத்தை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்து இங்கே போடுங்கள். மஞ்சள் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெயின்டருக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள்; மட்கார்டை நிமிர்த்தச் சொல்லலாம், ஆனால் உள்பக்கப் பூச்சைத் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.